வெள்ளவத்தையில் ஒரு வீடு, நான்கு வலயங்கள்: குளிரூட்டல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே குளிர் தாங்க முடியவில்லை, மேலே வெக்கை தாங்க முடியவில்லை, கரண்ட் பில்லையோ கையில் எடுக்கவே முடியவில்லை. வெள்ளவத்தையில் ஐந்து பேர் வாழும் இரண்டு மாடி வீடொன்றின் முறைப்பாடு இவ்வளவுதான்.

கொழும்பில் இந்த முறைப்பாட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு ஏசி. இந்த வீட்டாருக்கும் அதைத்தான் சிபாரிசு செய்திருந்தார்கள். ஒரு பெரிய வெளி இயந்திரம், அதிலிருந்து நான்கு அறைகளுக்கு நான்கு உள் இயந்திரங்கள் என்று எழுதிய விலைமனுவோடுதான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். கடைசியில் நாங்கள் செய்த முதல் வேலை, வீட்டில் ஏற்கனவே இருந்த ஏசிகளில் பெரியதைக் கழற்றியது. மீதி வேலைகளில் பாதிக்கு மேல் மேசனும் தச்சரும் செய்தவை. வீட்டாரை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆக்களும்

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சுமார் ஆறு பேர்ச் காணியில் நெருக்கிக் கட்டிய வீடு. கீழ்த்தளம் பழையது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒவ்வொரு கதவுக்கும் யன்னலுக்கும் மேலே காற்றோட்டத் துவாரம். ஒரு காலத்தில் அதன் மேல் ஓட்டுக் கூரை இருந்ததாம். பிறகு ஓட்டை இறக்கி, மேல்மாடி எழுப்பி, அதன் தலையில் கொங்கிரீட் ஸ்லாப் போட்டுவிட்டார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தனி வீடுகளில் பல இப்படித்தான் வளர்ந்தவை: கீழே ஒரு காலம், மேலே இன்னொரு காலம். வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு வீடுகள்.

கீழே ஹோலுக்குப் பக்கத்து அறையில் அம்மம்மா. வயது எழுபத்தைந்துக்கு மேல். மேல்மாடியில் மேற்குப் பக்கம், கடலைப் பார்த்த பெரிய அலுமினிய யன்னலோடு, கணவன் மனைவியின் அறை. கிழக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய அறைகள். ஒன்று மகனுடையது, மற்றது மகளுடையது. மகன் ஏ.எல். படிக்கிறான். மகள் லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் இங்கே பகல் ஒன்றரை. அவளுடைய வேலைநாள் முடியும்போது இரவு பத்து. குளிர்காலத்தில் அங்கே மணியைப் பின்னால் தள்ளும்போது எல்லாம் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். யார் எந்த நேரத்தில் எந்த அறையில் இருக்கிறார் என்ற இந்தக் கணக்கு, அறைகளின் அளவை விட எனக்கு முக்கியமாக இருந்தது.

இருந்த இயந்திரங்கள் இரண்டு. ஹோலில் 24,000 பி.டி.யு. பழைய ரக ஏசி, அதாவது இரண்டு தொன், ஏறக்குறைய 7 கிலோவாட் குளிர். மேற்கு அறையில் 12,000 பி.டி.யு., அதுவும் பழையது. ஹோலின் மூலையிலிருந்து மாடிப்படி கதவேதும் இல்லாமல் மேலே ஏறுகிறது. "ஹோலில பெரிசாப் போட்டா அது படியால மேல ஏறும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டாரும் அதை நம்பி, 18 பாகையில் வைத்து, மேல்மாடிக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, குளிர் வரும் என்று காத்திருந்தார்கள்.

அளந்தபோது தெரிந்தவை

அறைக்கு ஒன்றாக வெப்பமும் ஈரப்பதனும் காட்டும் சிறு மானிகளை வைத்தோம். சுவரையும் ஸ்லாப்பையும் தூரத்திலிருந்தே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும் கையில் இருந்தது. இரண்டும் விலை கூடியவை இல்லை. ஏசி வாங்க நினைப்பவர் அதற்கு முன் இவற்றை வாங்கிச் சில நாட்கள் வீட்டில் வைத்துப் பார்த்தால், கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகளே மாறிவிடும்.

ஹோலில் அம்மம்மா வழக்கமாக உட்காரும் கதிரைக்கருகே கணுக்கால் உயரத்தில் 20 பாகை, அவருடைய தலை உயரத்தில் 24. அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கத்தின் ஆஷ்ரே 55 என்ற தரநிர்ணயம், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் கணுக்காலுக்கும் இடையே 3 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்கிறது. அம்மம்மா அந்த ஆவணத்தைப் படித்ததில்லை. காலுக்கு மேசோடு போட்டுக்கொண்டு போர்வைக்குள் இருந்தார். அதே நேரம் மாடிப்படியின் உச்சியில் 30 பாகை. குளிர்ந்த காற்று கனமானது, கிணற்றில் தண்ணீர் கிடப்பது போல அது கீழேயே கிடக்கும். மாடிப்படி வழியாக மேலே ஏறுவது சூடான காற்று மட்டும்தான். எவ்வளவு பெரிய ஏசியைக் கீழே வைத்தாலும் இதை மாற்ற முடியாது. கீழே கால் விறைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் ஸ்லாப். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மாலை ஏழரை மணிக்கு, வெளியே காற்று 28 பாகைக்கு இறங்கிவிட்ட பிறகு, மேற்கு அறையின் உட்கூரை 37 பாகை காட்டியது. கொங்கிரீட் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணித்தியாலங்கள் தாமதித்து அதை அறைக்குள் விடுகிறது. மக்கள் படுக்கப்போகும் நேரமும் அதுவே. கொழும்பின் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது வருடத்தில் இரு முறை, ஏப்ரல் முதல் வாரத்தையும் செப்டெம்பர் முதல் வாரத்தையும் ஒட்டி. அதிலும் ஏப்ரலில், ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைவெளியில், காற்றும் அசையாது. தட்டையான கூரைக்கு இதைவிட மோசமான மாதம் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16 சதுர மீட்டர் உட்கூரை 37 பாகையிலும் அறைக் காற்று 26 பாகையிலும் இருந்தால், கூரை மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோவாட் வெப்பத்தை அறைக்குள் இறக்கும். 12,000 பி.டி.யு. ஏசியின் முழு வலு மூன்றரைக் கிலோவாட். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூரையோடு சண்டை பிடிப்பதிலேயே போகிறது. இதற்குப் பின்னாலும் ஆள் சுகமாக உணரமாட்டார். உடல் காற்றின் வெப்பத்தை மட்டும் உணர்வதில்லை, சுற்றியிருக்கும் சுவர், கூரை, கண்ணாடி எல்லாவற்றின் கதிர்வீச்சையும் உணர்கிறது. ஃபாங்கர் என்ற டென்மார்க் அறிஞர் 1970ஆம் ஆண்டளவில் சுக உணர்வை ஆறு காரணிகளின் கணக்காக வகுத்தார்: காற்றின் வெப்பம், சுற்றுப்பரப்பின் கதிர்வீச்சு வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதன், உடுப்பு, உடலின் உழைப்பு. ஏசி ரிமோட்டில் நாம் தொடுவது முதலாவதை மட்டும். மேற்கு அறையில் ரிமோட்டை 20க்கு இறக்கி வைத்துக்கொண்டே வியர்த்ததற்குக் காரணம் இதுதான்.

மேற்கு யன்னலும் அதே ரகம். மாலை வெயில் நேராக விழும் ஒவ்வொரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியாகவும் 400, 500 வாட் வரை உள்ளே வரும். உட்புறம் கனத்த திரைச்சீலை போட்டிருந்தார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை அதைத் தடுத்து என்ன பயன்? திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே நிற்கும்.

மூன்றாவது, யாரும் முறைப்பாடாகச் சொல்லாத ஒன்று. ஹோலுக்கும் சாமியறைக்கும் இடைப்பட்ட சுவரில், சாமியறைப் பக்கம், படங்களின் பின்னால் கருப்பாகப் பூஞ்சணம். ஸ்லாப் ஒழுக்கு என்று நினைத்து இரண்டு தடவை பெயின்ற் அடித்திருக்கிறார்கள். காரணம் ஹோல் ஏசி. கொழும்புக் காற்றின் பனிநிலை வருடத்தின் பெரும்பகுதியில் 24 பாகையை ஒட்டி நிற்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகும். ஹோலை 18க்கு இழுத்தபோது இடைச்சுவரும் குளிர்ந்தது. யன்னல் திறந்திருந்த சாமியறையின் ஈரக்காற்று அந்தச் சுவரில் வியர்த்தது.

கனடாவில் செய்கிறார்களே

வீட்டுக்காரரின் தங்கை ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் இருக்கிறார். அங்கே வீட்டை வலயம் வலயமாகப் பிரித்து, மாடிக்கு ஒரு தெர்மோஸ்டாட், கீழே ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். "அதை அப்படியே இங்க செய்ய ஏலாதா?" என்று அண்ணரிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அங்கே நிலக்கீழ் அறையில் காற்றைச் சூடாக்கும் ஒரு சூளை, சுவர்களுக்குள் டக்ட் குழாய்கள், அதே குழாய்களில் கோடையில் குளிர்காற்று. இவையெல்லாம் வீடு கட்டும்போதே வந்துவிடுகின்றன. வலயம் பிரிப்பதென்றால் குழாய்க்குள் மோட்டார் வைத்த டம்பர்களை, அதாவது காற்றை மறிக்கும் தகடுகளைப் பொருத்தி, எந்தத் தெர்மோஸ்டாட் கேட்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறப்பது. அதிலும் சிக்கல் உண்டு. ஒரு பக்கத்தை மூடினால் மற்றப் பக்கக் குழாயில் அழுத்தம் ஏறி இரைச்சல் வரும். கோடையில் காற்று போதாமல் குளிர்ச்சுருளில் பனி கட்டும். ஆனாலும் அந்த நாட்டுக்கு அது பொருந்துகிறது, ஏனென்றால் அவர்களின் பெரிய எதிரி வெப்பநிலை வித்தியாசம். மாசி மாதத்தில் வெளியே சைபருக்குக் கீழே 20, உள்ளே 21. நாற்பது பாகைக்கு மேல் இடைவெளி.

கொழும்பில் வெளியே 31, உள்ளே 26. இடைவெளி ஐந்து பாகைதான். இங்கே ஏசியை வாட்டுவது வெயிலும் ஈரமும். ஒரு லீற்றர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு படுக்கையறை ஏசியின் வடிகுழாய்க்குக் கீழே இரவு வாளி வைத்துப் பாருங்கள், இயந்திரம் எதற்காக உழைக்கிறது என்று விளங்கும். ஆகவே இங்கே வலயம் பிரிப்பதென்றால், வெயிலையும் ஈரக்காற்றையும் எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று தீர்மானிப்பது. எந்தச் சுவரில் எந்த இயந்திரம் என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வீடு வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு. அங்கே தை மாத இரவில் படுக்கையறைக்கு மட்டும் ஹீட்டர் போடுவதும் வலயம்தான், கதவிடுக்கை அடைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

டக்ட் யோசனையை விரைவாகக் கைவிட்டோம். உட்கூரைக்கு உயரம் போதாது. அத்தோடு குளிர்ந்த டக்ட் ஈரமான காற்றில் வியர்க்கும். காப்பு எங்காவது ஓர் இடத்தில் கிழிந்தால் பொய்க்கூரை முழுக்கக் கறை.

ஒரே வெளி இயந்திரத்தில் பல உள் இயந்திரங்களை ஓட்டும் மல்ட்டி ஸ்ப்ளிட் பற்றி நிறையப் பேசவேண்டியிருந்தது, ஏனென்றால் விலைமனு அதற்குத்தான். அதன் நல்ல பக்கம் இடம்: ஒரே வெளி இயந்திரம். அடுக்குமாடித் தட்டுகளில், பல்கனியில் ஒன்றுக்கு மேல் வைக்க விடாத இடங்களில், அதுதான் வழி. தனி வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. நான்கு அறைக்குப் போதுமான வெளி இயந்திரம், ஒரு சிறிய அறை மட்டும் ஓடும்போது போதிய அளவுக்குத் தன் வேகத்தைக் குறைக்க முடியாமல் நின்று நின்று ஓடும். இந்த வீட்டில் பெரும்பாலான நேரம் ஓடப்போவது ஒன்றோ இரண்டோதான். இன்னொன்று, கடல் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. உப்புக்காற்று வெளி இயந்திரத்தின் அலுமினியத் தகடுகளைத் தின்னும் இடத்தில், நாலு அறையையும் ஒரே இயந்திரத்தின் தலையில் கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழுதானால் வீடு முழுக்க ஏப்ரல் வெக்கையில் கிடக்கும்.

செய்தது

வீட்டை நான்கு வலயமாக வகுத்தோம்: திறந்த கீழ்த்தளம், அம்மம்மாவின் அறை, மகளின் வேலை அறை, மேற்குப் படுக்கையறை.

ஹோல், விறாந்தை, குசினி, சாமியறை, மாடிப்படி எல்லாம் சேர்ந்து ஒரே திறந்த வலயம். ஏசி கிடையாது. 24,000 பி.டி.யு. இயந்திரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். துவாரங்களைத் திறந்தோம். முன்பு யாரோ பலகை அடித்து மூடியிருந்த மாடிப்படி உச்சி யன்னலையும் திறந்து வலை போட்டோம். சூடான காற்று தானாக மேலேறி அந்த வழியால் வெளியேறுகிறது. மாடிப்படியின் குணத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டோம். இரண்டு மின்விசிறிகள். உடம்பில் படும் காற்று ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் அசைந்தாலே சுமார் 3 பாகை குறைந்தது போல் இருக்கும். பழைய விசிறி 70 வாட் அளவில் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. மோட்டார் ரகம் அதில் பாதி. குசினியின் புகை இழுக்கும் விசிறி ஓடும்போது குசினிக்கும் ஹோலுக்கும் இடைக்கதவைச் சாத்தி, பின் யன்னலைத் திறக்கச் சொன்னோம். இல்லாவிட்டால் அது ஹோல் காற்றை இழுத்து வெளியே கொட்டும்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை. ஹோலில் ஏசி இல்லாத வீடென்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை மனைவி ஞாபகப்படுத்தினார். துவாரமெல்லாம் அடைத்த ஹோலில் இருக்க முடியாமல் எல்லோரும் ஒழுங்கையில் கதிரை போட்டிருந்தார்களாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மம்மாவின் அறைக்கு ஏசி வேண்டாம் என்று அவரே சொன்னார்: "எனக்கு உந்தக் குளிர் ஒத்துவராது தம்பி, முழங்கால் பிடிச்சுக்கொள்ளும்." அவர் மறுத்தது குளிரை விட, காலில் அடிக்கும் காற்றை என்று எனக்குப் பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறையை அப்படியே விடவும் மனம் வரவில்லை. வயது போனவர்களுக்கு வியர்ப்பது குறையும், தாகமும் தெரியாது. உடம்பு சூடேறுவதை அவர்களே பிந்தித்தான் உணர்வார்கள். தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 9,000 பி.டி.யு. இன்வேர்ட்டர் ஏசி ஒன்றைக் கட்டிலின் மேல் காற்றுப் படாதபடி கால்மாட்டுப் பக்கத்துச் சுவரில், காற்றுத் தகடு உட்கூரையை நோக்கியபடி பொருத்தி, 27இல் வைத்தோம். பின்னேரத்தில் சில மணித்தியாலம் போடுகிறார். இப்போது பகல் நித்திரைக்குப் பிறகு தானே ரிமோட்டைத் தேடுவதாக மகள் சொல்கிறாள்.

மூன்றாவது வலயம் மகளின் வேலை அறை. இதற்கும் 9,000 பி.டி.யு. இன்வேர்ட்டர். இங்கே செய்த நல்ல காரியம் இயந்திரத்தில் இல்லை. மகனின் படிப்பு மேசையை அவனுடைய அறையிலிருந்து இந்த அறைக்கு மாற்றினோம். அவன் ரியூஷன் முடிந்து வரும் நேரம், அக்காவின் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் எழும்பிய பிறகும் அவன் படிக்கிறான். இரண்டு அறையைக் குளிர்ப்பதற்குப் பதிலாக ஒன்று, பகல் ஒன்றரையிலிருந்து நடுநிசிவரை. அக்காவின் கூட்டங்களின்போது அவன் காதில் ஹெட்ஃபோன். முதலில் கொஞ்சம் முறுகல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஆக்களை நகர்த்துவது ஏசியை நகர்த்துவதை விட மலிவு. ஆனால் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், பொறியியலாளர் போய்ச் சொல்லி நடக்காது.

மேற்கு அறையில் கூரையிலிருந்து தொடங்கினோம். அந்தப் பக்க ஸ்லாப்பில் ஏற்கனவே ஒழுக்கு இருந்ததால் நீர்க்காப்பு எப்படியும் செய்யவேண்டியிருந்தது. அதோடு சேர்த்து வெப்பக் காப்புத் தகடு விரித்து, அதன் மேல் மெல்லிய கொங்கிரீட் படை போட்டார்கள். ஸ்லாப்பின் மேல் பொலித்தீன் நுரைக் காப்பும் அதற்கு மேல் கொங்கிரீட்டும் போடும் முறையை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்த நாட்டு வெயிலுக்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள். வெள்ளைப் பெயின்ற் போதாதா என்று கேட்டார்கள். முதல் வருடம் நன்றாக வேலை செய்யும். மழையும் பாசியும் புகையும் சேர்ந்து கொழும்பில் வெள்ளை வெள்ளையாகவே நிற்பதில்லை. கழுவிக்கொண்டே இருக்கத் தயாரென்றால் அதுவும் நல்ல வழிதான்.

செலவு கூடிய வேலை இதுதான். ஒரு ஏசியின் விலையைத் தாண்டியது, கண்ணுக்கும் தெரியாது. வீட்டார் தயங்கினார்கள். நீர்க்காப்புக் கூலி எப்படியும் போகத்தான் போகிறது என்பது கணக்கைச் சமன் செய்தது. அதே பருவத்தில், அதே மாதிரி வெயில் நாளில், மாலை ஏழரைக்கு உட்கூரை 31 காட்டியது.

யன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். தென்மேல் பருவக்காற்று மே மாதம் வீசத் தொடங்கினால் அது பறந்துவிடும், அதனால் அப்போது கழற்றிவைக்க வேண்டும். முகில் கூடும் காலம் என்பதால் பெரிய நட்டம் இல்லை. நிரந்தரமாக அலுமினியத் தகடு வைக்கலாம், உப்புக்குத் தாங்கும் பூச்சோடு. அதைப் பிறகு பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகுதான் பழைய 12,000க்குப் பதில் அதே அளவு இன்வேர்ட்டர். 18,000 போடச் சொல்லி விற்பவர் வற்புறுத்தினார். அளவு மீறிய ஏசி அறையை விரைவாகக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். ஈரம் இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. கொம்பிரசர் நின்ற பிறகும் உள் விசிறி சுற்றினால், சுருளில் ஒட்டியிருந்த தண்ணீரும் திரும்ப அறைக்குள் போகும். குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்த அந்த நிலை கொழும்பில் எத்தனையோ அறைகளில் உண்டு. இப்போது 26 பாகையும் மெதுவான மின்விசிறியும்.

மூன்று குளிர் அறைகளிலும் கதவுக்கு மேலிருந்த துவாரங்களைத் தெளிந்த அக்ரிலிக் தகட்டால் மூடினோம். திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், கரண்ட் போனால் திறக்கலாம். கதவின் அடிக்கு ரப்பர் பட்டி. அதேநேரம் அறையை ஒட்டுமொத்தமாக அடைக்கவும் கூடாது. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளிருப்பதையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. இரண்டு பேர் நித்திரை கொள்ளும் இறுக்கமான அறையில் விடியும்போது காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 2,000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். காலையில் தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடற்பக்க யன்னலின் மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டோம். அதால் கொஞ்சம் ஈரம் வரத்தான் செய்யும். வரட்டும்.

வெளி இயந்திரங்கள் மூன்றும் வடக்குச் சுவரில், கடலுக்கு நேரே முகம் காட்டாமல், மேல்மாடி உயரத்தில். பக்கத்து மதிலுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் வைத்தால் தான் விட்ட சூட்டையே தான் திரும்ப இழுக்கும். பூச்சுப் போட்ட தகடுள்ள ரகமாகப் பார்த்து வாங்கியும், நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுவதை மாத வேலையாக்கினோம். அழுத்தக் குழாயால் அடித்தால் தகடு மடங்கும், கவனம்.

பில்

முன்பு மாதம் 600 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மானி, இப்போது 400க்குச் சற்று மேலே நிற்கிறது. காலநிலை இரண்டு வருடமும் ஒன்றாக இருப்பதில்லை, ஆகவே இதை ஒரு வாக்குறுதியாக யாரும் எடுக்க வேண்டாம். ஆனால் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், கடைசிப் படி தொடங்கும் 180 யூனிட்டுக்கு மேலே குறையும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய படியிலிருந்துதான் குறைகிறது. நேரத்துக்கேற்ப மாறும் கட்டணத்துக்கு மாறலாமா என்றும் கேட்டார்கள். அதில் மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரைவரை உச்ச விலை, பத்தரையிலிருந்து காலை ஐந்தரைவரை குறைந்த விலை. மகளின் அறை உச்ச நேரம் முழுவதும் ஓடுவதால் வேண்டாம் என்றேன். படுக்கையறை மட்டும் ஓடும் வீடென்றால் பதில் வேறாக இருந்திருக்கும்.

சாமியறைச் சுவரைச் சுரண்டி, காயவிட்டு, பெயின்ற் அடித்தார்கள். பூஞ்சணம் திரும்பவில்லை.

தீராமல் இருப்பவை

மகனின் படுக்கையறை மேல் ஸ்லாப்புக்குக் காப்புப் போடவில்லை, காசு போதாமல் போய்விட்டது. ஏப்ரலில் நள்ளிரவு தாண்டியும் அந்த அறை வெந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் அவன் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறான். நீர்க்காப்புக்கு அந்தப் பக்கத்தையும் உடைக்க வேண்டி வரும்போது சேர்த்துச் செய்வதாக இருக்கிறார்கள். அதுவரை ஸ்லாப்பின் மேல் நிழல் வலை கட்டச் சொல்லியிருக்கிறேன். ஸ்லாப்பிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்தில், கீழே காற்றுப் போகும்படி.

ஹோல் விஷயமும் முழுதாக முடியவில்லை. கணவர் இப்போதும் விசேஷ நாட்களில் ஆக்கள் நிறைந்தால் என்ன செய்வது என்கிறார். ஹோலில் இருபது பேர் உட்கார்ந்தால் அவர்களே ஏறக்குறைய இரண்டு கிலோவாட் வெப்பம், அதற்கு மேல் விளக்கும் சமையலும். வருடத்தில் சில நாட்களுக்காக ஹோலை அடைத்து ஒரு பெரிய இயந்திரம் வைப்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. விறாந்தைப் பக்கம் பெரிய நிற்கும் விசிறி இரண்டை வாடகைக்கு எடுக்கலாம். அடுத்து வருவது மகளின் கலியாணப் பேச்சு. அந்த விசிறிகள் அன்றைக்குப் போதுமா என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு கேட்டுச் சொல்கிறேன்.